பாகையும் புள்ளியும்

நில உருண்டையின்மேல் ஓரிடம் எங்குள்ளது என்பதை இரண்டே அளவுகளால் சொல்லிவிடலாம். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எவ்வளவு என்பது அகலாங்கு. கிரீனிச்சிலிருந்து கிழக்கிலோ மேற்கிலோ எவ்வளவு என்பது நெட்டாங்கு. அட்ச ரேகை, தீர்க்க ரேகை என்ற பெயர்களால் இவற்றைப் படித்தவர்களும் நம்மிடையே உளர். இடம் ஒன்றே, அதனை எழுதும் முறைகளோ மூன்று. ஒரு முறையில் எழுதியதை மற்றொரு முறையில் எழுதியதாகக் கொண்டு படிப்போமாயின், இடம் வேறாகிவிடும்.

ஒரு பாகைக்கு 60 கலை. ஒரு கலைக்கு 60 விகலை. இவ்வாறு அறுபதாகப் பகுக்கும் வழக்கம் பாபிலோனியரிடமிருந்து வந்தது. தமிழர்க்கும் இவ்வெண் புதிதன்று. நாளை 60 நாழிகையாகவும் நாழிகையை 60 விநாடியாகவும் பகுத்தவர் நம் முன்னோர்.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் ஒரு சிறு கருங்கல் தீவு உள்ளது. பெட்ரா பிராங்கா என்றும் பத்து பூத்தே என்றும் அதற்குப் பெயர். 1851ஆம் ஆண்டு முதல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் அங்கு நின்று கப்பல்களுக்கு வழிகாட்டுகிறது. அத்தீவு யாருக்கு உரியது என்ற வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் 2008இல் வழங்கிய தீர்ப்பில், அதன் இருப்பிடம் வடக்கு 1 பாகை 19 கலை 48 விகலை, கிழக்கு 104 பாகை 24 கலை 27 விகலை எனக் குறிக்கப்பட்டுள்ளது. இது முதல் முறை.

இரண்டாம் முறையில் விகலை இல்லை. கலையே தசமத்தில் எழுதப்படும். கடலோடிகள் பெரிதும் ஆள்வது இதுவே. 48ஐ 60ஆல் வகுத்தால் 0.8. ஆகவே வடக்கு 1 பாகை 19.8 கலை. அவ்வாறே 27ஐ 60ஆல் வகுக்கக் கிழக்கு 104 பாகை 24.45 கலை.

மூன்றாம் முறையில் கலையும் இல்லை. பாகை மட்டுமே தசமத்தில் நிற்கும். கைப்பேசி நிலப்படங்களில் அடிக்கடி காண்பது இம்முறை. 19.8ஐ 60ஆல் வகுத்தால் 0.33; 24.45ஐ 60ஆல் வகுத்தால் 0.4075. எனவே வடக்கு 1.33 பாகை, கிழக்கு 104.4075 பாகை.

திரும்பி வரும் வழியும் எளிதே. புள்ளிக்குப் பின்னுள்ள பகுதியை 60ஆல் பெருக்க வேண்டும். 0.33ஐப் பெருக்கினால் 19.8, அதில் முழு எண்ணாகிய 19 கலை. எஞ்சிய 0.8ஐ மீண்டும் 60ஆல் பெருக்கினால் 48 விகலை. ஆக, சிறியதிலிருந்து பெரியதற்கு வகுத்தல்; பெரியதிலிருந்து சிறியதற்குப் பெருக்கல். கணக்கு இவ்வளவே.

இடர் கணக்கில் இல்லை, புள்ளியில் இருக்கிறது. நாம் 6.30 மணி என்று எழுதினால் அது ஆறு மணி முப்பது நிமிடம். அங்கே புள்ளி வெறும் பிரிப்புக் குறி. தசமமாகக் கொண்டாலோ 6.30 மணி என்பது ஆறு மணி பதினெட்டு நிமிடமாகும். அப்பழக்கத்தால் ஒருவர் 1 பாகை 19 கலை 48 விகலையை 1.1948 என்றும், நெட்டாங்கை 104.2427 என்றும் எழுதிவிட்டால் என்ன ஆகும்? அவர் குறித்த இடம் தீவிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 24 கிலோமீட்டர் விலகிப் பிந்தான் தீவின் பக்கம் போய்விடும். ஆபத்தில் சிக்கிய படகு ஒன்று தன் இருப்பிடத்தை இப்படி அறிவித்தால், மணிக்கு 20 கிலோமீட்டர் செல்லும் மீட்புப் படகு ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணே அலைய நேரும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. தெற்கும் மேற்கும் தசம முறையில் கழித்தல் குறியால் குறிக்கப்படும். ஜகார்த்தா ஏறத்தாழத் தெற்கு 6 பாகை 12 கலை. அதனை முதலில் 6.2 ஆக்கி, பின்னரே குறியை இட்டு −6.2 என எழுத வேண்டும். −6 என எழுதி அதனோடு 0.2ஐக் கூட்டினால் −5.8 வரும், நகரம் ஜாவாக் கடலுள் இறங்கிவிடும்.

புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் வேண்டும்? அகலாங்கில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஒரு விகலை சுமார் 31 மீட்டர். நெட்டாங்கின் அளவு துருவங்களை நோக்கிச் செல்லச் செல்லச் சுருங்கும். நடுக்கோட்டை அடுத்த நம் நாடுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. மேற்சொன்ன தீவின் நீளமோ 137 மீட்டர்தான். 104.4075ஐச் சுருக்கி 104.41 என எழுதினால் சுமார் 280 மீட்டர் விலகி, கலங்கரை விளக்கம் கடலில் நிற்கும்! நான்கு இலக்கம் எழுதின் பிழை சில மீட்டருக்குள் அடங்கும்.

வகுப்பில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு சோதனையையும் சொல்லித் தரலாம். கலையும் விகலையும் ஒருபோதும் 60ஐ எட்டா. எனவே 104.75 என்பதில் 75 கலையாக இருக்க முடியாது, அது தசமமே. ஆனால் 104.24 என்று மட்டும் இருந்தால் எண்ணைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. எழுதியவர்தாம் சொல்ல வேண்டும். ஆதலின் எண்ணோடு அலகையும் திசையையும் சேர்த்தெழுதும் பழக்கத்தை மாணவரிடம் இளமையிலேயே வளர்த்தல் வேண்டும்.