லட்சுமி படத்துக்குப் பின்னால்

உங்கள் வீட்டுச் சாமி மாடத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். தாமரைமேல் நான்கு கரங்களோடு லட்சுமி நிற்கிறாளா? பக்கத்தில் மாலை ஏந்திய யானை இருக்கிறதா? இருந்தால் இது உங்கள் வீட்டுக் கதையும்தான்.

சென்ற மாதம் எங்கள் வீட்டு லட்சுமியைத் துணியில் சுற்றிக்கொண்டு பாரிட் புந்தார் பட்டணத்துக்குப் போனேன். கண்ணாடியில் விரிசல். பாட்டி காலத்திலிருந்து தோட்டத்து லயத்தில் தொங்கிய படம் அது. தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்தபோது அண்டா, அம்மிக்கல்லோடு எங்களுடன் வந்தது. சாம்பிராணிப் புகையில் முகமே மங்கிவிட்டது. கடைக்காரத் தம்பி படத்தைப் புரட்டிப் பார்த்தார். "அண்ணே, கண்ணாடி போடுற காசுக்குப் புதுப் படமே வாங்கிடலாமே" என்றார்.

நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு மனம் வரவில்லை. காரணம், அந்த முகம். அது எங்கிருந்து வந்தது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?

கல்லிலும் செம்பிலும் இருந்த லட்சுமிக்கு இந்த முகத்தைக் கொடுத்தவர் ராஜா ரவிவர்மா. 1848-இல் கேரளத்துக் கிளிமானூரில் பிறந்தவர். ஓவியம் கற்கச் சிறுவனாகத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். தைல வண்ணம் தீட்டும் வித்தை அப்போது நம்மவர்களுக்குப் புதிது. அரண்மனையில் அது தெரிந்தவர் மதுரைக்காரரான ராமசாமி நாயக்கர். அவர் சொல்லித்தர மறுத்துவிட்டார். 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் பாடம் சொல்லவில்லை. தாம் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளை, குருவுக்குத் தெரியாமல் இரவில் வந்து கலவை முறைகளைச் சொல்லிக் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

பார்த்தே கற்றுக்கொள்வது நமக்குப் புதிதா என்ன? பால்மரம் வெட்ட நமக்கு யார் பள்ளிக்கூடம் வைத்தார்கள்? அம்மாவின் பின்னால் நிரையில் நின்று பார்த்ததுதானே!

ஐரோப்பாவின் பழைய பெரும் ஓவியர்கள் ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழச் செய்வார்கள். துணியின் மடிப்பும் கன்னத்தின் திரட்சியும் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கும். அந்த வித்தையை ரவிவர்மா எடுத்துக்கொண்டார். கதையை மட்டும் அங்கிருந்து வாங்கவில்லை. சகுந்தலை, தமயந்தி, சீதை என்று நம் பாட்டிமார் சொன்ன கதைகளையே வரைந்தார். பரோடா மன்னருக்காகப் புராண ஓவியங்கள் 14 தீட்ட ஒப்புக்கொண்டபோது, தெய்வங்களுக்கு என்ன உடை போடுவது என்ற கேள்வி வந்தது. தம்பி ராஜராஜ வர்மாவோடு 1888-இல் வட இந்தியா சுற்றினார். கடைசியில் சேலையையே உடுத்திவிட்டார். புராணப் பெண்கள் நம் தெருவில் நடப்பவர்கள் போல ஆனது அப்படித்தான்.

இதைக் குறை சொன்னவர்களும் உண்டு. இலங்கைத் தமிழர் முத்து குமாரசாமியின் மகனும் கலை அறிஞருமான ஆனந்த குமாரசாமி, இவை நாடக மேடைப் பாத்திரங்கள் போல இருக்கின்றன என்று கடிந்துகொண்டார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சில படங்களில் தேவர்கள் திரை தூக்கக் காத்திருப்பவர்கள் போலத்தான் நிற்கிறார்கள். ஆனால் அந்த அறிஞருக்குக் கோயில் சிற்பங்களைக் கிட்டே நின்று பார்க்கும் வாய்ப்பு இருந்தது. நம் முன்னோர்க்கு இருந்ததா?

அந்தப் படங்கள் வேண்டுமென்று கேட்பவர் பலர். வரைபவருக்கோ இரண்டே கைகள். அச்சிடச் சொல்லி யோசனை கூறியவர் கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராவ். 1894-இல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கினார். ஜெர்மானிய வல்லுநர்கள் வந்தார்கள். வண்ணத்துக்கு ஒரு கல்லாகத் தனித்தனிக் கற்களில் உருவம் ஏற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் அழுத்தி எடுத்தார்கள். மன்னர் மாளிகையில் தொங்கிய லட்சுமி சில அணாவுக்குச் சந்தைக்கு வந்தாள். பெண்கள் அவள் சேலைமேல் ஜிகினாவும் ஜரிகையும் ஒட்டி அழகு பார்த்தார்கள்.

திருவிதாங்கூரில் எல்லா இந்துக்களுக்கும் கோயில் கதவு திறந்தது 1936-இல். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939-இல். அதற்கு வெகுகாலம் முன்பே கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் கப்பலேறி வந்துவிட்டார்கள். ஊரில் கோபுர வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர்களில் எத்தனை பேர்! அப்படிப்பட்டவர்களின் வீட்டுச் சுவரில் லட்சுமி தானே வந்து நின்றாள். குருக்கள் தடுக்கவில்லை; யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. அந்தத் தாளை வெறும் தாள் என்று எப்படிச் சொல்வது?

பிறகு சிவகாசி காலண்டர் காலம் வந்தது. அதன் பெரிய கை, கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டைய ராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, பிறகு கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். திருமணம் செய்துகொள்ளாத அவர், டி.எஸ். சுப்பையா முதலிய சீடர்களை வளர்த்தார். அவர்கள் வரைந்த முருகனும் மீனாட்சியும் மளிகைக் கடைக் காலண்டரில் ஏறித் தமிழர் வீடுகளை நிறைத்தார்கள்.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. இந்தப் படங்களில் தெய்வத்தின் நிறம் பெரும்பாலும் சிவப்பு. வெயிலில் கறுத்த நம் அம்மாவின் நிறத்தில் ஒரு லட்சுமி காணோம். சாமி படம் வரையும் நம் பிள்ளைகள் ரோஜா நிறப் பென்சிலைத்தான் தேடுகிறார்கள். நம் நாட்டில் மனித உருவங்களை வரையும் ஜே. அனுரேந்திர ஜெகதேவா, 1965-இல் பிறந்தவர், வேறு வழி போனார். மலேசிய இந்தியர்களின் வரலாற்றை 25 தேய்வழக்குகளில் சொல்வதாகப் பெயரிட்டு 2001-இல் ஓர் ஓவியம் செய்தார். பிறர் நம்மைப் பற்றிச் சொல்லிச் சலித்த பேச்சுகளையே எடுத்து நம் முகங்களாக வரைவது துணிச்சல்தானே!

கடைக்கு வருவோம். பழைய படத்துக்கே கண்ணாடி போடச் சொன்னேன். தம்பி ஆணிகளைப் பிடுங்கி அட்டையை எடுத்தார். அட்டைக்கும் படத்துக்கும் நடுவில் நான்காக மடித்த ஒரு தாள். பிரித்தால், என் அப்பாவின் பிறப்புப் பத்திரம்!

பத்திரம் இல்லாததால் வாழ்நாள் முழுக்கச் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளியவர் அப்பா. எத்தனை முறை ஓர் அலுவலக வாசலில் காத்திருந்து திரும்பினார்! பாட்டி அதைப் பத்திரமான இடத்தில்தான் வைத்திருக்கிறார். சொல்வதற்குள் கண்ணை மூடிவிட்டார். அப்பாவும் இப்போது இல்லை.

தம்பி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தத் தாளுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை தேடி எடுத்துவந்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை துடைப்பதற்காகச் சாமி படத்தை இறக்குவீர்கள் அல்லவா? அட்டையைக் கொஞ்சம் நெகிழ்த்திப் பாருங்கள்.