ரயிலுக்கு ஒரு சட்டம், மருத்துவமனைக்கு இன்னொன்று

கனடாவில் ஒரு சேவை அத்தியாவசியமானதா என்பதை முடிவுசெய்யும் சட்டம், அந்தச் சேவை எந்த அரசின் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். மொன்றியல் தீவின் மேற்கு முனையிலுள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இதைக் கண்கூடாகக் காணலாம். அங்கே நிற்கும் வோத்ரே-ஹட்சன் புறநகர் ரயில், சிபிகேசி நிறுவனத்தின் தண்டவாளத்தில் ஓடுகிறது. அந்நிறுவனத்துக்கு மத்திய அரசின் தொழிலாளர் சட்டம் பொருந்தும். படைவீரர்களுக்காக 1917இல் தொடங்கிய ஊர் மருத்துவமனை 2016 ஏப்ரலில் கியூபெக் மாகாணத்துக்குக் கைமாறியது, அதனால் அதற்கு மாகாணச் சட்டம் பொருந்தும்.

மத்தியச் சட்டத்தின் அளவுகோல் குறுகியது. பொதுமக்களின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து நேரும் என்றால் மட்டுமே வேலைநிறுத்தத்தின்போதும் சேவை தொடர வேண்டும். சரக்கு ரயில்கள் நின்றால் அத்தகைய ஆபத்து இல்லை என்று கனடா தொழிலுறவு வாரியம் 2024 ஆகஸ்ட் 9 அன்று தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 22 அன்று சிஎன், சிபிகேசி ரயில் நிறுவனங்கள் இரண்டும் கதவடைப்புச் செய்தன. சிபிகேசியின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் வெளியே நிறுத்தப்பட்டதால் வோத்ரே-ஹட்சன் ரயிலும் முடங்கியது.

அன்றே தொழிலாளர் அமைச்சர் ஸ்டீவன் மெக்கின்னன் மத்தியச் சட்டத்தின் 107ஆம் பிரிவைக் கையிலெடுத்தார். ‘தொழில் அமைதி’க்குத் தேவையானதைச் செய்யும்படி வாரியத்தைப் பணிக்க அது அமைச்சருக்கு இடமளிக்கிறது, வேலைநிறுத்தம் என்ற பேச்சே அந்தப் பிரிவில் கிடையாது. ஆகஸ்ட் 26 முதல் வேலைக்குத் திரும்பவும், தகராறைக் கட்டாய நடுவர் தீர்ப்புக்கு விடவும் வாரியம் உத்தரவிட்டது. ரயில் ஊழியர்களின் டீம்ஸ்டர்ஸ் சங்கம் நீதிமன்றம் சென்றது. அத்தியாவசியம் இல்லை என்று சொன்ன வாரியத்தைக் கொண்டே, சுமார் இரண்டு வாரத்தில் ஊழியரைத் திருப்பி அழைக்க வைத்தது விசித்திரம்தான்.

சங்கங்களுக்கு ஒரு பிடிமானம் உண்டு. வேலைநிறுத்த உரிமைக்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு என்று 2015 ஜனவரியில் சஸ்காச்சுவான் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டுக் கதை நேர்மாறு: 2003இல் மாநிலத்தின் அத்தியாவசியச் சேவைகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மாவின் கீழ் ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்கள் நீக்கப்பட்டனர், அந்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்றது.

மாகாணச் சட்டத்துக்கு வந்தால், கியூபெக்கில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வேலைநிறுத்தத்தின்போதும் முன்பு 90 சதவீதச் சேவை கட்டாயம். தாதி ஒருவர் தம் ஷிப்டில் சுமார் முக்கால் மணி நேரம்தான் வெளியே நிற்க முடிந்தது. அது பெயருக்குத்தான் வேலைநிறுத்தம். 2019இல் இந்தச் சதவீதக் கணக்கு நீக்கப்பட்டது. இப்போது தொடர வேண்டிய சேவைகளைச் சங்கமும் நிர்வாகமும் பட்டியலிட, தொழிலாளர் தீர்ப்பாயம் அதைச் சரிபார்க்கிறது.

2025 மே மாதம் நிறைவேறிய 14ஆம் சட்டம் மாகாணத்தின் வலையை விரித்தது. உயிராபத்து இல்லாவிட்டாலும், மக்களின் சமூக, பொருளாதார, சுற்றுச்சூழல் பாதுகாப்பு அளவுமீறிப் பாதிக்கப்பட்டால் சேவையைத் தொடரச் செய்யலாம். மருத்துவமனைகளுக்கு இது பொருந்தாது. மொன்றியல் நகரப் பேருந்துகளுக்குப் பொருந்தும்.

வேலையை நிறுத்துவது வேறு; கட்டமைப்பையே சேதப்படுத்துவது தனிக் குற்றம். போக்குவரத்து, குடிநீர், மின்சாரம், மருத்துவம் போன்றவற்றின் கட்டமைப்பில், கடும் தீங்கு விளைவிக்கும் நோக்கத்துடன் குறுக்கிடுவோருக்கு 10 ஆண்டுவரை சிறை என்கிறது 2024 ஜூனில் நிறைவேறிய திருத்தம் கனடாவின் குற்றவியல் சட்டத்தில் சேர்த்த பிரிவு. அந்த நோக்கம் இல்லாமல் போராடுவோரையும், வேலையை நிறுத்தும் தொழிலாளரையும் அது விலக்கி வைக்கிறது.