தாயின் முகமும் தாயின் கூடையும்

கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடப்புசல்லாவைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில், லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். கிளிநொச்சியிலிருந்து உறவினரைக் காண வந்திருந்த வயோதிபத் தாய் ஒருவரும் அங்கிருந்தார். 1977 கலவரத்தின்பின் இம்மலையை விட்டு வன்னிக்குச் சென்றவர். காடு வெட்டிக் கமம் செய்து, 2009 வரை எத்தனையோ தடவை பொட்டலம் கட்டி இடம்பெயர்ந்தவர். இந்த ஏட்டை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவருடைய கதையை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அவ்வீட்டின் ஏழு வயதுச் சிறுமி வெளியே ஓடிவந்தாள். கிழவி அவளைப் பிடித்து நிறுத்தி, நாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்படியே ஆத்தாவ உரிச்சு வச்சிருக்கு. இன்னும் பத்து வருசத்துல இதுவும் கூடைய மாட்டிக்கிட்டு மலைக்குப் போயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிறுமியின் தாய் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க பெரியம்மா" என்றார்.

கிழவி வாழ்த்தாகவே சொன்னார். எனினும் அவர் சொன்னதில் இரண்டு செய்திகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. முதலாவது முகத்தைப் பற்றியது, இரண்டாவது கூடையைப் பற்றியது. 'தாயைப் போல பிள்ளை' என்று நாம் சொல்லும்போதெல்லாம் இவ்விரண்டையும் கலந்தே பேசுகிறோம். அவற்றைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

முதலில் முகம். தேயிலை மலையில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வீ.பி. தேயிலையை எவ்வாறு உண்டாக்குகிறார்கள்? தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் சிறு தண்டுத் துண்டுமாக வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் ஊன்றி வேர்விடச் செய்கிறார்கள். அந்தச் செடி தாயின் அச்சுப்படி. ஆகவேதான் வீ.பி. மலை முழுவதும் ஒரே நிறத்தில், ஒரே காலத்தில் துளிர்க்கிறது. பழைய விதைத் தேயிலை மலையோ அப்படியல்ல. அங்கே அடுத்தடுத்த இரண்டு செடிகளின் இலைகூட ஒன்றுபோல் இராது. ஏனெனில் விதை உண்டாக இன்னொரு செடியின் மகரந்தமும் வேண்டும்.

மனிதப் பிள்ளை விதைத் தேயிலை. வீ.பி. அல்ல.

எமது உடலின் ஒவ்வொரு கலத்திலும் சாதாரணமாக 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. அவற்றில் 23 தாயிடமிருந்தும் 23 தகப்பனிடமிருந்தும் வருகின்றன. எனவே எவ்வளவுதான் தாயை உரித்து வைத்திருந்தாலும் மகளில் பாதி தகப்பன் வழி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மகளுக்குத் தகப்பன் கொடுக்கும் எக்ஸ் நிறமூர்த்தம் அவன் தன் தாயிடமிருந்து பெற்றது. ஆகவே ஒவ்வொரு பெண் பிள்ளையும் தன் அப்பாயியிடமிருந்து ஒரு பங்கைச் சுமக்கிறாள். "எங்க மாமியாரோட குணம் அப்படியே இருக்கு" என்று முறைப்பாடு செய்யும் தாய்மார் இதைக் கவனிக்கலாம்! (குணத்தை எக்ஸ் நிறமூர்த்தம் தீர்மானிக்கிறது என்று நான் சொல்லவில்லை.) தாயிடமிருந்து மாத்திரம் வரும் ஒன்றும் இருக்கிறது. கலங்களுக்குச் சக்தியை உண்டாக்கும் இழைமணிகளில் உள்ள சிறு மரபுப் பொருள் தாய்வழியாகவே கடத்தப்படுகிறது. மகனும் அதைப் பெறுகிறான். ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பவள் மகளே.

இரத்தத்தின் கணக்கு இவ்வளவுதான். கூடை இதில் எங்கேயும் இல்லை.

ஆனால் இரத்தம்போலத் தோன்றி எம்மை ஏமாற்றும் காரியங்கள் உள்ளன. உயரத்தை எடுத்துக்கொள்வோம். அந்தச் சிறுமியின் அம்மாயி குள்ளமானவர், தாயும் குள்ளம். "எங்க சாதியே கட்டை" என்று வீட்டார் சொல்கிறார்கள். உயரத்தில் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு என்பது உண்மையே. ஆயினும் அம்மாயி ஒன்பது வயதுப் பிள்ளையாக இருந்தபோது 1974ஆம் ஆண்டு. அந்த நாட்களில் தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் ஏற்பட்ட பஞ்சத்தில் எத்தனை பேர் மடிந்தார்கள் என்பதை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். வளரும் வயதில் பட்டினி கிடந்த பிள்ளை கட்டையாகவே நின்றுவிடுகிறாள். அவள் தாயாகும்போது நிறை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகம். அக்குழந்தைக்கும் போதிய உணவு இல்லையென்றால் அதுவும் கட்டையாகிறது. மூன்று தலைமுறையைச் சேர்த்துப் பார்ப்பவருக்கு இது பரம்பரை என்றே தோன்றும்.

2016ஆம் ஆண்டு நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப் பகுதியில் இது நூற்றுக்கு 32 பேர் அளவில் இருந்தது. மறுபுறம் தென் கொரியாவைப் பாருங்கள். 1896இல் பிறந்த பெண்களைவிட 1996இல் பிறந்த பெண்கள் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறார்கள். நூறு வருடத்தில் ஓர் இனத்தின் இரத்தம் மாறிவிடுவதில்லை. அவர்களுடைய உணவும் சுகாதாரமும் மாறின.

இரத்தச்சோகையும் இப்படியே. பிறக்கும் குழந்தை முதல் ஆறு மாதங்களுக்கு வேண்டிய இரும்புச்சத்தைப் பெரும்பாலும் தாயின் வயிற்றிலிருந்தே சேமித்துக்கொண்டு வருகிறது. தாயிடம் இல்லாவிட்டால் சேமிப்பும் குறைவு. அதற்குமேல் நாம் ரொட்டியோடு சாயத் தேநீரும் குடிக்கிறோம். மரக்கறியிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடல் ஏற்காதவாறு தேயிலைச் சாயம் தடுக்கிறது. உலகுக்குத் தேயிலை கொடுப்பவர்கள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணித்தியாலமாவது விட்டுக் குடித்தால் நல்லது என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது; என்றாலும் சொல்லியாக வேண்டும். கர்ப்பிணித் தாய்க்குக் கொடுக்கும் திரிபோஷாவை வீடு முழுவதும் பங்கிடுவதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். பசித்த வீட்டில் அதைக் குற்றம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பங்கு குறைவது வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு.

இனி, சட்டம் கடத்திய ஒற்றுமை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான தாய்மாருக்கு நாடற்ற மகள்மார் பிறந்தார்கள். வேறொரு விசித்திரமும் இருந்தது. முறைப்படி மணமுடித்த பெற்றோரின் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை தகப்பன் வழியாகவே வந்தது. தாய் பிரஜையாக இருந்தாலும் அதனால் பிள்ளைக்குப் பயனில்லை. முகத்தையும் பசியையும் கொடுக்க முடிந்த தாயால் நாட்டைக் கொடுக்க முடியவில்லை! 2003ஆம் ஆண்டின் திருத்தமே தாய்க்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. அதே ஆண்டில்தான் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டமும் நிறைவேறியது. 1964இல் எம்மவரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்ட ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. 2003இல் ஜனாதிபதியாக இருந்தவர் அவருடைய மகள் சந்திரிகா. மசோதாவைக் கொண்டுவந்தது பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவின் அரசாங்கம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

சம்பளமும் அவ்வாறே. 1984 வரை கொழுந்தெடுக்கும் பெண்ணின் நாட்சம்பளம் ஆணுடையதைவிடக் குறைவு. 1984இல் சமமாக்கப்பட்டது. அம்மாயி தாயைப் பெறும் முன்னரே நடந்த மாற்றம் அது. ஆனால் ஆண்கள் கவ்வாத்து வெட்டி மதியத்தோடு இறங்க, பெண்கள் மாலைவரை நிரையில் நின்று, நிறை குறைந்தால் அரைப்பேர் வாங்கிய வழக்கம் சம்பளத்தோடு மாறவில்லை. தாய் ஐந்தாம் வகுப்போடு தோட்டப் பாடசாலையை விட்டவர். தம்பிகளைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை என்பதே காரணம். அவருடைய மகள் இன்று இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள்; வீட்டில் ஒரு கைக்குழந்தையும் இருக்கிறது. பிள்ளைக்காம்பரா பூட்டியிருக்கும் நாளில் குழந்தையை யார் பார்ப்பது என்பதில்தான் இந்தத் தாயும் மகளும் ஒத்திருக்கப் போகிறார்களா, வேறுபடப் போகிறார்களா என்பது இருக்கிறது.

தேநீர் முடிந்தபின் கிழவியிடம் அவருடைய காணியைப் பற்றி விசாரித்தேன். கணவரின் பெயரில் அனுமதிப்பத்திரம். அவர் யாரையும் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்காமலே இறந்துவிட்டார். மகன்மார் இருவரும் வெளியூரில். கிணறும் கச்சானும் மிளகாயும் மகளுடைய பொறுப்பில். "எனக்குப் பொறகு மூத்தவனுக்குத்தானே சாமி போகும்?" என்றார்.

அவர் சொன்னதற்கு ஆதாரம் இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பெயர் குறிக்கப்படாத காணியின் வாரிசு வரிசையில் மகன்மார் முன்னும் மகள்மார் பின்னும் நின்றார்கள். 2022இல் பாராளுமன்றம் அந்த வரிசையைத் திருத்தி ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது. வன்னியில் குடியேறிய எம்மவரில் பலருக்கு இன்னும் பத்திரமே இல்லை என்பது வேறு துயரம். பத்திரம் உள்ளவர்கள் அதை எடுத்துச் சென்று, யாருடைய பெயர் குறிக்கப்பட்டுள்ளது, உங்கள் விடயத்தில் எந்த விதி பொருந்தும் என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிழவி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், மகளிடம் சொல்ல வேண்டும், பத்திரம் தகரப்பெட்டியில் சேலைக்கு அடியில் இருக்கிறது, மழைக்கு முன் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். சிறுமி அவருடைய மடியில் ஏறி அமர்ந்து, கிளிநொச்சிக்குப் போக எத்தனை பஸ் மாறவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.