கறுப்புத் துணிக்குள் பழவேற்காடு

சனிக்கிழமை காலை கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறியதும், "என்ன ஸார், ஆர்மோனியப் பெட்டியா?" என்று பக்கத்திலிருந்தவர் வினவினார். பெட்டிக்குள் இருந்தது பாட்டனார் காலத்து மரக் காமிரா. துணைக்கு முக்காலி, கறுப்புத் துணி, நான்கே நான்கு பிலிம்கள்.

பொன்னேரியில் இறங்கிப் பஸ் பிடித்தோம். சுமை தோளை அழுத்தியபோது காப்டன் லின்னேயஸ் ட்ரைப்பை நினைத்துக்கொண்டோம். 1858-ல் அவர் இதனினும் பெரிய காமிராவுடன் மதுரை, தஞ்சை என்று சுற்றினார். மெழுகிட்ட காகிதமே அவருக்குப் பிலிம். தஞ்சைப் பெரிய கோயிற் சாசனங்களை 21 படங்களாக்கி ஒட்டினார். நீளம் ஏறக்குறைய 19 அடி! 1859-ல் கவர்னராய் வந்த ட்ரெவெலியன், இது ஆடம்பரச் செலவென்று நிறுத்திவிட்டார். பிலிம் விலையைக் கேட்ட நம் வீட்டாரின் அபிப்பிராயமும் அதுவேதான்.

டச்சுக்காரர் 1613-ல் கோட்டை கட்டிய ஊர் பழவேற்காடு. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாயிலின் இருபுறமும் கல் எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன. துணிக்குள் தலையை நுழைத்தோம். காமிராவின் மங்கல் கண்ணாடியில் அவை தலைகீழாய்த் தொங்கின. வேடிக்கை பார்த்த மீனவச் சிறுவனையும் உள்ளே விட்டோம்.

"ஐயோ, ஆகாசம் கீழே கிடக்குதே!" என்று கூவினான்.

முதற் பிலிமில் மூடியை இழுக்க மறந்தோம், அது வீண். இரண்டு வாயிலுக்குப் போயின. கடைசியைச் சிறுவனுக்கே செலவிட்டோம். இரண்டு விநாடி மூச்சையடக்கி, கவர்னரைப் போல் நின்றான்.

"படத்தைக் காட்டுங்க."

கழுவ ஒரு வாரமாகும் என்றோம். நம்பாமல் பார்த்தான். அடுத்த சனிக்கிழமையும் அந்த ரயிலில்தான் நமக்குப் பிரயாணம்.