சிவப்புச் சட்டை இளையர்கள்

2019 செப்டம்பர் 21. ஹோங் லிம் பூங்காவில் சிவப்பு உடையில் 1,700க்கும் மேற்பட்டோர். ஏற்பாட்டாளர்கள் எல்லாரும் இளையர்கள். புல்தரையில் பிணம்போலப் படுத்து, கரிம வெளியேற்றத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அன்று டன்னுக்கு 5 வெள்ளியாக இருந்த கரிம வரி, 2024ல் 25 வெள்ளியானது. இளையர்கள் கேட்டதால்தான் என்று சொல்லமாட்டேன், கேட்டதும் வீணில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. பேச்சாளர் முனையில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே கூடலாம். வெயிலில் கட்டடம் எழுப்பும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு (நம் ஊர்த் தம்பிகள் எத்தனை பேர்!) அங்கே இடமில்லை.

2023 அக்டோபர் முதல், வெப்ப அழுத்த அளவு 32 டிகிரியை எட்டினால், கடின வேலை செய்வோருக்கு மணிக்குப் பத்து நிமிட ஓய்வு கட்டாயம். பருவநிலை நீதி பேசும் இளையர்கள் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியும் பேசட்டும்.