புள்ளிக்குள் அடங்காத பில் ரஸ்ஸல்

கூடைப்பந்தில் யார் பெரிய ஆட்டக்காரர் என்று கேட்டால், யார் அதிகப் புள்ளி எடுத்தார் என்றுதான் உடனே பார்க்கிறோம். அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு ஆடிய பில் ரஸ்ஸல் அந்தக் கணக்குக்குள் அடங்கமாட்டார். ஓர் ஆட்டத்துக்கு அவர் எடுத்த சராசரி வெறும் 15 புள்ளி. ஆனால் 1956 முதல் 1969 வரை, அவர் ஆடிய 13 பருவங்களில் அணி 11 முறை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் பட்டத்தை வென்றது. அவருடைய பலம் தடுப்பாட்டம். எதிரணி எறியும் பந்தை மறித்து, அதை வெளியே அடித்துவிடாமல் தம் அணியினரின் கைக்கே போகும்படி தட்டிவிடுவார். அந்த நொடியிலேயே எதிர்த்தாக்குதல் தொடங்கிவிடும். அப்படி மறித்த பந்துகள் எத்தனை? அன்று அதற்கு அதிகாரபூர்வக் கணக்கே கிடையாது. 1973-74 பருவத்தில்தான் எண்ணத் தொடங்கினார்கள்.

உடன் ஆடியவர்கள் வல்லவர்கள், அவர் வந்த காலத்தில் எட்டே அணிகள்தானே என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அணியில் உடன் ஆடிய பாப் கூசி போன்ற மேதை அவருக்கு முன்பே ஆறு பருவம் ஆடியும் பாஸ்டனுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. 1963இல் கூசி விலகிய பிறகும் பட்டங்கள் நிற்கவில்லை. 1966இல் ரஸ்ஸல் என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரானார். ஆடிக்கொண்டே பயிற்சியும் தந்து 1968, 1969 பட்டங்களை வென்றார். அந்தக் கடைசிப் பருவத்தில் களத்தில் இருந்தவை 14 அணிகள். அவர் ஓய்வுபெற்ற அடுத்த பருவத்தில், பாஸ்டன் பட்டத்தை முடிவுசெய்யும் பிளேஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை.