வீட்டில் டிவி இருக்க, பாருக்கு ஏன் போகிறார்கள்?

அமெரிக்கப் புறநகர்களில் நெடுஞ்சாலையோரக் கடை வரிசையில் பெரும்பாலும் ஒரு பெரிய ஸ்போர்ட்ஸ் பார் இருக்கும். கல்யாண மண்டபம் போல விரிந்த கூடம், கூரையை ஒட்டிச் சுற்றிலும் டிவித் திரைகள், நடுவில் மது பரிமாறும் நீண்ட மேடை. அமெரிக்க ஃபுட்பால் சீசனில் ஞாயிறு மதியம் நாற்காலி கிடைப்பது பெரும்பாடு. அந்தத் திரைகளுக்குக் குறையாத டிவி இன்று பலர் வீட்டு ஹாலிலேயே இருக்கிறது. கடையில் வாங்கினால் பீரும் மலிவு. பிறகு ஏன் இந்தக் கூட்டம்? குடிக்கும் ஆசை, கூடிப் பார்க்கும் குஷி என்று இரண்டு காரணம் சொல்வார்கள். இரண்டும் பொய்யில்லை, ஆனால் போதாது. ஒளிபரப்பு உரிமை வியாபாரம் ஆட்டத்தை வீட்டுக்கு வரவிடாமல் மறித்தது. அந்த மறிப்பில் வளர்ந்ததே ஸ்போர்ட்ஸ் பார் என்பது என் கட்சி.

என்.எஃப்.எல். என்ற தேசிய ஃபுட்பால் லீக்கில் 1973 முதல் ஒரு விதி இருந்தது. ஆட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னதாக டிக்கெட் முழுக்க விற்றுத் தீரவில்லை என்றால், உள்ளூர் டிவியில் அந்த ஆட்டம் வராது. 1980களில் டிஷ் ஆண்டெனா வந்தபோது, சாமானியக் குடும்பம் அதன் விலையைக் கேட்டே பின்வாங்கியது. பார் முதலாளிகள் வாங்கிக் கூரையில் மாட்டினார்கள். ஊருக்கு மறைத்த ஆட்டத்தை வானத்திலிருந்து இறக்கிக் காட்டினார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் இப்படிக் காட்டிய பார்கள் மீது லீக் வழக்குப் போட்டு, 1986-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வென்றது. ஆனால் காசு கொடுத்துப் பார்க்க ஆள் இருக்கிறது என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது. 1994-ல் 'சண்டே டிக்கெட்' என்ற பெயரில் வெளியூர் ஆட்டங்களை லீக் தானே கட்டணத்துக்கு விற்கத் தொடங்கியது.

வெளியூர் ஆட்டம் என்பது சின்ன விஷயமில்லை. லீக்கில் 32 அணிகள். ஞாயிறு பகலில் ஓர் ஊரின் இலவச சேனல்களில் வருவது இரண்டு மூன்று ஆட்டங்களே. பிட்ஸ்பர்க்கில் உருக்காலைகள் வரிசையாக மூடிய 1970, 80களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்புத் தேடி டெக்சாஸ், ஃப்ளோரிடா என்று போயின. ஊர் மாறினாலும் அணி மாறவில்லை. இன்றும் அந்த மாநிலங்களில், பிட்ஸ்பர்க் அணியான ஸ்டீலர்ஸின் பெயரால் 'ஸ்டீலர்ஸ் பார்' என்று பெயர் எடுத்த இடங்கள் உண்டு. சொந்த ஊர் அணியின் ஆட்டத்தை டிவியில் பிடிக்க முடியாதவன் போய்ச் சேரும் இடம் அது.

சண்டே டிக்கெட்டுக்குப் பார் கொடுக்கும் விலை கொஞ்சமில்லை. தீயணைப்பு விதிப்படி இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று வாசலருகே ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் கட்டணம். பெரிய கூடம் என்றால் ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர் ஆகிவிடும். காலி நாற்காலிக்கும் சேர்த்துத்தான். அதை மீட்டுத் தருவது தட்டும் கிளாஸும். ஆட்டம் மூன்று மணி நேரம் நீளும், பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம். மிச்ச நேரமெல்லாம் ஆர்டர் எடுக்கும் நேரம். பஃபலோ நகரின் ஆங்கர் பாரில் 1964-ல் பிறந்ததாகச் சொல்லப்படும் கோழி இறக்கை இதற்கென்றே செய்ததுபோல அமைந்தது. பொரித்து, மிளகாய் சாஸிலும் வெண்ணெயிலும் புரட்டித் தருவார்கள். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையாலேயே எடுத்துக் கடிக்கலாம். காரம் ஏற ஏற அடுத்த பீர் தானாக வரும்.

ஸ்ட்ரீமிங் வந்துவிட்டதே, இனி எல்லாம் கைபேசியிலேயே கிடைக்குமே என்று கேட்கலாம். நடந்தது நேர்மாறு. 2022 முதல் வியாழக்கிழமை ஆட்டங்கள் அமேசானுக்குப் போயின. 2023-ல் சண்டே டிக்கெட் யூடியூப் கைக்கு மாறியது. 2024 ஜனவரியில் ஒரு நாக்-அவுட் ஆட்டம் பீகாக் என்ற ஸ்ட்ரீமிங் தளத்தில். அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் ஆட்டங்கள் நெட்ஃபிளிக்ஸில். ஒரே விளையாட்டைப் பார்க்க நாலைந்து சந்தா! இதையெல்லாம் ஒரு கூரைக்குள் சேர்த்துக் காட்ட வேறு யார் இருக்கிறார்கள்?

வேடிக்கை என்னவென்றால், சண்டே டிக்கெட் ஏற்பாட்டை எதிர்த்து 2015-ல் வழக்குக்குப் போனதும் சான் பிரான்சிஸ்கோவின் 'மக்கி டக்' என்ற பார்தான். கட்டணம் அநியாயம் என்பது வாதம். 70 டாலருக்கு சீசன் முழுவதையும் தரலாம், ஒரே அணியின் ஆட்டங்களைத் தனியாகவும் விற்கலாம் என்று இ.எஸ்.பி.என். சேனல் சொன்ன யோசனையை லீக் ஏற்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. 2024 ஜூனில் ஜூரி சுமார் 470 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தது. ஆகஸ்டில் நீதிபதி அதை ரத்து செய்தார். அந்த 70 டாலர் யோசனை நிறைவேறியிருந்தால் பிட்ஸ்பர்க்காரர்களில் பாதிப் பேராவது வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பார்கள் தங்கள் கட்டணம் குறைய வேண்டும் என்றன. வீட்டுக் கட்டணம் குறைந்தால் தங்களுக்கு என்ன ஆகும் என்று யோசித்தனவா, சந்தேகம்தான்.

குடிதான் காரணம் என்பவர்களுக்கு போர்ட்லண்ட் நகரமே பதில். 2018-ல் மகளிர் கல்லூரிக் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தைப் பார்க்க ஜென்னி நுயென் தோழிகளோடு ஒரு பாருக்குப் போனார். மூலையில் ஒரு சின்ன டிவியில், ஒலி இல்லாமல்தான் கிடைத்தது. 2022-ல் மகளிர் விளையாட்டு மட்டுமே காட்டும் 'ஸ்போர்ட்ஸ் பிரா'வை அவர் திறந்தார், கூட்டம் வந்தது. அதே பீர் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். வேறெங்கும் காட்டாத ஆட்டத்துக்காகவே வந்தார்கள்.

ஒரு குற்றச்சாட்டுக்கு மட்டும் என்னிடம் மறுப்பில்லை. இந்தப் பார்களில் பல, பஸ் போகாத இடத்தில், பெரிய கார் நிறுத்தத்தோடு கட்டப்பட்டவை. குடித்துவிட்டு ஓட்டும் விபத்துகளில் அமெரிக்காவில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு மேல் சாகிறார்கள். மூன்று மணி நேரம் ஊற்றிக் கொடுத்துவிட்டு வாடிக்கையாளரை ஸ்டீயரிங் முன்னால் அனுப்புவது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. இருந்தாலும் அமெரிக்கா போகிற வாசகர்கள் அவசியம் ஒரு ஞாயிறு மதியம் போய்ப் பாருங்கள். எத்தனை திரை இருந்தாலும் ஸ்பீக்கரில் ஒலி பெரும்பாலும் ஒரே ஆட்டத்துக்குத்தான். அது எந்த அணியின் பார் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். குடிப்பதாக இருந்தால் டாக்ஸியில் போங்கள்.